வண்ண எல்இடி பட்டை: ஒளியைப் பார்த்தே பிழையைப் பிடிக்கும் வழிமுறை

மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கும் வண்ண எல்இடி பட்டைக்கும் நடப்பது ஒருவழிப் பேச்சு. போர்டு அனுப்பிய தரவு போய்ச் சேர்ந்ததா, வழியில் சிதைந்ததா, முதல் எல்இடியே செத்துக் கிடக்கிறதா என்று திருப்பிச் சொல்ல ஒரு கம்பிகூடக் கிடையாது. அதனால்தான் திரையில் பிழைச் செய்தி ஒன்றும் இருக்காது, நிரலும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், பட்டை மட்டும் தன் போக்கில் மினுக்கிக்கொண்டிருக்கும்.

பதில் சொல்லாத பட்டையிடம் சாட்சியாக இருப்பது அதன் ஒளி மட்டுமே. எந்த இடத்தில் தவறுகிறது, எந்த நிறத்தில் தவறுகிறது, எந்த நேரத்தில் தவறுகிறது என்ற மூன்றையும் கவனித்தால் கோளாறின் இருப்பிடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் பலரும் முதல் வேலையாக நிரலைப் பிரித்துப் போடுகிறார்கள். என் கணக்கில் இந்த விஷயத்தில் நிரல் கடைசிச் சந்தேகம்தான். கிரவுண்ட் (மின்வழங்கலின் கழித்தல் முனை), மின்னழுத்தம், சால்டர் இணைப்பு மூன்றும் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஒரு மல்டிமீட்டரை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி டபிள்யூஎஸ்2812பி வகையைப் பற்றியது. நியோபிக்சல் என்று பலர் சொல்வதும் இந்தக் குடும்பத்தைத்தான். 5 வோல்ட்டில் ஓடும், ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சிறு சில்லு இருக்கும், தரவுக்கு ஒரே கம்பி. நான்கு கால் எல்இடியும் 12 வோல்ட் சாதாரண ஆர்ஜிபி பட்டையும் வேறு இனம். அவற்றுக்குப் பின்னால் தனிப் பகுதி உண்டு.

அறிகுறிகளைப் படிக்க, தரவு எப்படிப் போகிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு எல்இடிக்கு 24 பிட்: முதலில் பச்சைக்கு எட்டு, அடுத்து சிவப்புக்கு எட்டு, கடைசியில் நீலத்துக்கு எட்டு. முதல் எல்இடி தனக்கு வந்த முதல் 24 பிட்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் புதிதாகச் செப்பனிட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒரு பிட்டின் நீளம் 1.25 மைக்ரோநொடி. அதில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.4 மைக்ரோநொடி உயர்ந்திருந்தால் பூஜ்ஜியம், 0.8 உயர்ந்திருந்தால் ஒன்று. கம்பி சற்று நேரம் மௌனமாக இருந்தால் எல்லா எல்இடிகளும் வந்த தரவை ஒளியாக்கும். பழைய சில்லுகளுக்கு 50 மைக்ரோநொடி மௌனம் போதும். புதியவை 280 வரை கேட்கின்றன. இவ்வளவு குறுகிய இடைவெளியில் நடக்கும் வேலை என்பதால்தான் கம்பியின் சிறு குறைகூட நிறமாகத் தெரிந்துவிடுகிறது.

முதலில் ஒரு சோதனை நிரல்

உங்கள் அலங்கார நிரலை ஒதுக்கி வையுங்கள். முதல் எல்இடி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம், மற்றவை அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் அளவும் 255க்கு 30 போதும். இதை நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பும் பத்து வரி நிரலை எழுதி, அதை ஏற்றிவிட்டுத்தான் கீழே உள்ள எதையும் சோதிக்க வேண்டும். வானவில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டையில் எது பிழை, எது அழகு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எதுவுமே எரியவில்லை

அடாப்டரின் மேல் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். பட்டையின் செம்புத் திட்டில், முதல் எல்இடிக்கு அருகே அளந்து பாருங்கள். 5 வோல்ட் அங்கே இருக்கிறதா? இருந்தால், அடுத்து பட்டையின்மேல் இருக்கும் அம்புக்குறி. தரவு அம்பின் திசையில் மட்டுமே போகும். உள்ளே வரும் முனையில் டிஐ என்றும் வெளியேறும் முனையில் டிஓ என்றும் எழுதியிருக்கும். சுருளாக வரும் பட்டையின் இரு முனையிலும் கம்பிகள் தொங்குவதால், தவறான முனையில் இணைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். சேதம் எதுவும் ஆகாது, ஒளியும் வராது.

பிறகு போர்டில் தரவு வெளியேறும் முனையின் எண். ஈஎஸ்பி8266 போர்டுகளில் டி4 என்று அச்சிட்டிருப்பது உண்மையில் சில்லின் ஜிபிஐஓ 2 என்ற முனை. நிரலில் வெறும் 4 என்று எழுதினால் தரவு வேறு முனையில் போய்க்கொண்டிருக்கும். ஈஎஸ்பி32ல் 34 முதல் 39 வரையிலான முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும். அவற்றிலிருந்து ஒரு பிட்கூட வெளியே வராது.

நிரல் பக்கம் இரண்டு கேள்விகள் போதும். தொடக்கத்தில் பிகின் கட்டளை இருக்கிறதா? நிறங்களைக் குறித்த பின் ஷோ கட்டளை இருக்கிறதா? ஷோ வரும்வரை நிறங்கள் நினைவகத்தில்தான் இருக்கும், கம்பியில் இறங்காது.

சோதனை நிரலில் எரிகிறது, எல்இடி எண்ணிக்கையை 700 என்று மாற்றினால் இருண்டுவிடுகிறது என்றால் அது நினைவகத் தட்டுப்பாடு. ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 2,048 பைட். ஒரு எல்இடிக்கு மூன்று பைட் வீதம் 700க்கு 2,100 வேண்டும். நியோபிக்சல் லைப்ரரி இந்த இடத்தை நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்கிறது. அதனால் நிரலைத் தொகுக்கும்போது (கம்பைல்) காட்டப்படும் நினைவகக் கணக்கில் இது வராது. இடம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் எதுவும் செய்யாமல் இருந்துவிடும். ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில் அந்த வரிசையை நீங்களே அறிவிப்பதால் தொகுக்கும்போதே எச்சரிக்கை வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஊனோவில் நீளமான பட்டைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இருள் என்றால், முதல் எல்இடி செத்திருக்கலாம். அதைத் தாண்டி, இரண்டாவதின் டிஐ திட்டில் தரவுக் கம்பியைத் தொடுங்கள். பட்டை உயிர் பெற்றால் விடை கிடைத்தது. முதல் எல்இடியை வெட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

நிறங்கள் தாறுமாறாக மினுக்குகின்றன

இதுதான் அதிகம் பேரைப் படுத்தும் அறிகுறி. இதற்குக் காரணங்களும் அதிகம்.

முதலில் தரவுக் கம்பியை விரலால் தொட்டுப் பாருங்கள். கை பட்டதும் நிறங்கள் மாறினால் கிரவுண்ட் இணைப்பு இல்லை, அல்லது தரவுக் கம்பியின் மறுமுனை எங்கும் சேரவில்லை. பட்டைக்குத் தனி அடாப்டர், போர்டுக்கு யுஎஸ்பி என்று வைத்திருப்பவர்கள் இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தரவு என்பது கிரவுண்டிலிருந்து எத்தனை வோல்ட் உயரம் என்ற கணக்குதான். இரு பக்கத்துக்கும் தரைமட்டம் வேறு வேறாக இருந்தால் உயரத்தை அளப்பது எப்படி?

கிரவுண்ட் உண்டு, போர்டு ஈஎஸ்பி32, ஈஎஸ்பி8266 அல்லது ராஸ்பெர்ரி பை பிகோ என்றால், சந்தேகம் மின்னழுத்த மட்டத்தின்மேல் விழுகிறது. டபிள்யூஎஸ்2812பி தன் மின்வழங்கலில் 0.7 பங்கை எட்டினால்தான் அதை உயர்நிலை என்று ஏற்பதாகத் தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொல்கிறது. 5 வோல்ட்டுக்கு அது 3.5 வோல்ட். இந்தப் போர்டுகள் கொடுப்பதோ 3.3. கணக்குப்படி ஓடவே கூடாது. நடைமுறையில் பல சில்லுகள் தரவுத்தாள் கேட்பதைவிடக் குறைந்த அளவிலேயே ஏற்றுக்கொள்வதால் மேசைமேல் ஓடிவிடுகிறது. கம்பி ஒரு முழம் நீண்டதும், அல்லது வேறு தொகுதிப் பட்டை வந்ததும் ஆட்டம் ஆரம்பிக்கிறது. “நேற்றுவரை ஓடியதே” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இனம்தான். அது நேற்றும் விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு முறையான மருந்து 74எச்சிடி125 அல்லது 74ஏஎச்சிடி125 என்ற சில்லு. 5 வோல்ட்டில் இயங்கும், 2 வோல்ட்டைத் தாண்டியதை எல்லாம் உயர்நிலை என்று எடுத்துக்கொண்டு 5 வோல்ட்டாக வெளியே தரும். பெயரில் இருக்கும் ‘டி’ முக்கியம். 74எச்சி125 என்று வாங்கினால் அதற்கும் 3.5 வோல்ட் அளவு வேண்டும், பணம்தான் வீண். பயன்படுத்தும் வாயிலின் வெளியீட்டைத் திறந்து மூடும் ஓஇ முனையைக் கிரவுண்டில் இணைக்காவிட்டால் வெளியீடு திறக்காது. இருதிசை லெவல் மாற்றி என்ற பெயரில் வரும் சிறு பலகைகளில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாஸ்ஃபெட்டும் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) 10 கிலோ ஓம் மின்தடைகளும்தான் இருக்கும். மெதுவான தரவுக்கு அவை நல்லவை. நொடிக்கு எட்டு லட்சம் பிட் போகும் இந்த வேலையில் அலையின் ஏறுமுகம் மழுங்கிவிடும்.

சில்லு கையில் இல்லையா? 1என்4001 டையோடு ஒன்றை முதல் எல்இடியின் 5 வோல்ட் வழியில் மட்டும் தொடராக வையுங்கள். அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.3 வோல்ட்டாகக் குறையும். அதில் 0.7 பங்கு 3.01. இப்போது 3.3 தாராளமாகப் போதும். அந்த எல்இடி அடுத்ததற்குத் தரவை 4.3 வோல்ட்டில் செப்பனிட்டுத் தருவதால், முழு 5 வோல்ட்டில் இருக்கும் இரண்டாவதும் 3.5 என்ற வரம்பைத் தாண்டிப் படித்துவிடும். ஒரு எல்இடியைத் தூதுவனாக வைக்கும் இந்த உபாயம் தற்காலிக ஏற்பாட்டுக்கு அருமை. நிரந்தரமாகச் சுவரில் மாட்டப்போகும் பட்டைக்கு நான் சில்லைத்தான் வைப்பேன்.

மின்னழுத்த மட்டமும் சரி என்றால் கம்பியைப் பாருங்கள். போர்டுக்கும் முதல் எல்இடிக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆபத்தானது. அதன்பின் ஒவ்வொரு எல்இடியும் தரவைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் பட்டையின் நீளம் தரவுக்குப் பெரிய சுமை இல்லை. அந்த முதல் கம்பியைக் குறைக்க முடியாவிட்டால் ஒரு கிரவுண்ட் கம்பியோடு முறுக்கிக் கொண்டுபோங்கள். முதல் எல்இடியின் டிஐ முனைக்கு அருகே 300 முதல் 500 ஓம் வரை ஒரு மின்தடையைத் தொடராகச் சேருங்கள். அலையின் துள்ளலை அது அடக்கும். மின்வழங்கல் நுழையும் இடத்தில் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று குறுக்கே இருக்கட்டும்.

கடைசியாக, வைஃபை இணைந்திருக்கும்போது மட்டும் மினுக்குகிறதா? ஈஎஸ்பி8266ல் வைஃபை வேலை இடையில் குறுக்கிட்டு, தரவின் நேரக்கணக்கைக் குலைக்கிறது. கையால் நேரம் எண்ணி அனுப்பும் லைப்ரரிக்குப் பதிலாக, வன்பொருளிடம் வேலையை ஒப்படைக்கும் நியோபிக்சல்பஸ் போன்றதற்கு மாறுங்கள். அதில் டிஎம்ஏ (நினைவகத்திலிருந்து வன்பொருளே நேராக எடுத்து அனுப்பும்) முறைக்கு ஜிபிஐஓ 3, யுஆர்ட் (சீரியல் வன்பொருள் வழியாக அனுப்பும்) முறைக்கு ஜிபிஐஓ 2 என்று முனைகள் நிலையானவை.

முதல் எல்இடி மட்டும் பச்சையாக எரிகிறது

மற்றவை எல்லாம் ஒழுங்காக இருக்க, முதலாவது மட்டும் அவ்வப்போது பச்சையாக மின்னினால், ஓட்டத்தின் முதல் பிட் தவறாகப் படிக்கப்படுகிறது. முதலில் வருவது பச்சையின் உயர்மதிப்பு பிட் என்பதால் பிழை அந்த நிறத்தில் தெரிகிறது. மேலே சொன்ன மின்னழுத்த மட்டமும் முதல் கம்பியும்தான் இங்கேயும் காரணம்.

ஓர் இடம்வரை சரி, அதற்குமேல் இருள்

எண்ணிப் பாருங்கள். 37ஆவது எல்இடிவரை எரிந்து 38ஆவதிலிருந்து இருள் என்றால் குற்றவாளி இரண்டில் ஒன்று: தரவை வெளியே தராத 37, அல்லது வாங்காத 38. இரண்டுக்கும் நடுவே சால்டர் இணைப்பு வந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். பட்டைகள் அரை மீட்டர் துண்டுகளாகச் செய்து ஒட்டப்படுவதால் சுருளுக்குள்ளேயும் இணைப்புகள் இருக்கும். எரியும் பட்டையில் அந்த இடத்தை மெதுவாக அழுத்துங்கள். ஒளி வந்து போனால் மறுபடி சால்டர் செய்யுங்கள். வரவில்லை என்றால் 37இன் டிஐ திட்டிலிருந்து 38இன் டிஐ திட்டுக்கு ஒரு குட்டிக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். பின்பகுதி எரிந்தால் 37 பழுது. எரியாவிட்டால் 38இன் டிஐ திட்டிலிருந்து 39க்கு அதே சோதனை. கூர்மையாக வளைத்த மூலைகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். மூலையில் பட்டையை மடிப்பதைவிட வெட்டிக் கம்பியால் இணைப்பது நல்லது.

ஒன்று போனால் பின்னால் இருப்பவை எல்லாம் போகும் என்பது டபிள்யூஎஸ்2812பியின் பிறவிக் குறை. டபிள்யூஎஸ்2813, 12 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2815 ஆகியவற்றில் மாற்றுத் தரவு வழி ஒன்று கூடுதலாக இருப்பதால் ஒற்றை எல்இடியின் சாவை அவை தாங்கும். ஏணி வைத்து ஏறிச் சரிசெய்ய வேண்டிய இடமாக இருந்தால் அவற்றையே வாங்குங்கள்.

இருள் தொடங்கும் இடம் 256க்குப் பக்கத்தில் என்றால் மட்டும் நிரலைத் திறக்கலாம். எண்ணும் மாறியை பைட் வகையாக அறிவித்திருப்பீர்கள். அது 255க்குப் பின் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 300வரை எண்ணச் சொன்ன வளையம் ஒருபோதும் முடியாது. ஒவ்வொரு எல்இடிக்கும் ஷோ கொடுக்கும் நிரலில் 256 வரை எரிந்து நிற்கும். வளையத்துக்கு வெளியே ஷோ வைத்த நிரலில் மொத்தமும் உறைந்துவிடும்.

வெள்ளை கேட்டால் கடைக்கோடி மஞ்சளாகிறது

சிவப்பு கேட்டால் கடைசிவரை சிவப்பு. வெள்ளை கேட்டால் தொடக்கத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள், கடைசியில் மங்கிய செம்மை. இது தரவுப் பிழையே அல்ல. பட்டையின் மெல்லிய செம்புத் தகட்டில் மின்னழுத்தம் வழியெல்லாம் விழுந்துகொண்டே போகிறது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் அளவு போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எனவே பட்டினி வரும்போது முதலில் சாய்வது நீலமும் பச்சையும், கடைசிவரை தாக்குப்பிடிப்பது சிவப்பு. வெள்ளை எரியும்போதே கடைசி எல்இடியின் திட்டில் அளந்து பாருங்கள். 4.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அங்கே தனியாக மின்சாரம் ஏற்ற வேண்டும்.

மின்வழங்கியிலிருந்து தடித்த இணைக் கம்பிகளை எடுத்துப் பட்டையின் மறுமுனையிலும், நீளமானால் நடுவிலும் 5 வோல்ட், கிரவுண்ட் இரண்டையும் சேருங்கள். தரவுக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. இரண்டு தனித்தனி மின்வழங்கிகள் என்றால் அவற்றின் கிரவுண்டுகளை மட்டும் சேர்த்து, பட்டையின் 5 வோல்ட் வழியை நடுவில் வெட்டிவிட வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கைப் பலர் போடுவதே இல்லை. ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்பியர் வீதம், முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 வரை இழுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி இருக்கும் 5 மீட்டர் சுருளில் 300. ஆக 18 ஆம்பியர், 90 வாட். புதிய சில்லுகள் சில இதைவிடக் குறைவாக இழுக்கும், ஆனாலும் கணக்கை 60க்கே போடுங்கள். ஊனோவின் யுஎஸ்பி வழியில் இருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் 500 மில்லிஆம்பியர் அளவுக்கானது. முழு வெள்ளையில் எட்டு எல்இடிகளோடு அந்த வழி தீர்ந்துவிடும். பட்டைக்கான மின்சாரத்தைப் போர்டின் வழியாகவோ பிரெட்போர்டின் வழியாகவோ கொண்டுபோகவே கூடாது. மின்வழங்கியிலிருந்து நேராகப் பட்டைக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கிளைக்கும் ஏற்ற ஃபியூஸுடன். மின்னழுத்தம் 5 வோல்ட்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். 18 ஆம்பியர் ஒரு தளர்ந்த இணைப்பின் வழியாக ஓடினால் பிளாஸ்டிக் உருகும். பத்து நிமிடம் ஓடவிட்டு இணைப்பிகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பி மாற்ற வேண்டிய இணைப்பி.

வெள்ளை வந்தவுடன் போர்டே மறுதொடக்கம் ஆனாலும் காரணம் இதுதான். ஈஎஸ்பி32 என்றால் சீரியல் திரையில் ‘பிரவுன்அவுட்’ என்ற சொல்லோடு செய்தி வரும். ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியில் மொத்த மின்னளவுக்கு வரம்பு வைக்கும் கட்டளை உண்டு. மின்வழங்கியை மாற்றும்வரை அது காப்பாற்றும்.

கேட்ட நிறம் ஒன்று, வந்த நிறம் வேறு

சிவப்பு கேட்டால் பச்சை, பச்சை கேட்டால் சிவப்பு, நீலம் மட்டும் சரி: நிற வரிசையை ஜிஆர்பி என்று மாற்றுங்கள். மூன்றும் மாறினால் சோதனை நிரலின் முதல் மூன்று எல்இடிகள் காட்டும் வரிசையைப் பார்த்து அதற்கேற்ப எழுதுங்கள். ஒரு நிமிட வேலை.

சோதனை நிரலில் மூன்று எல்இடிகளுக்கும் நிறம் தப்பி, தனி வெள்ளை விளக்கும் சேர்ந்து எரிந்தால், உங்களிடம் இருப்பது எஸ்கே6812 ஆர்ஜிபிடபிள்யூ. அதற்கு ஒரு எல்இடிக்கு 32 பிட். நீங்கள் 24 அனுப்பினால் ஒவ்வொன்றும் அடுத்ததன் பங்கிலிருந்து எட்டு பிட்டைத் திருடிக்கொள்ளும். நீளமான பட்டையில் ஒரே நிறம் கேட்டாலும் வேறு வேறு நிறங்கள் முறை மாறாமல் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு எல்இடிக்கு நிறம் சொன்னால் பக்கத்துப் பக்கமாக மூன்று சேர்ந்து எரிகின்றனவா? 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 பட்டை. மூன்றுக்கு ஒரு சில்லு. அது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. எண்ணிக்கையை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் வஞ்சகமானது. 300 எல்இடியில் வானவில். 127 வரை அழகாகப் போகிறது, 128ஆவது எண்ணில் நிறம் திடீரென்று தாவுகிறது. அதே நிரல் ஈஎஸ்பி32ல் ஒழுங்காக ஓடுகிறது. எல்இடி எண்ணை 256ஆல் பெருக்கி 300ஆல் வகுத்திருப்பீர்கள். ஊனோவில் இன்ட் வகை 16 பிட், அதன் உச்சம் 32,767. ஆனால் 128ஐ 256ஆல் பெருக்கினால் 32,768. ஒன்று கூடியதும் எண் எதிர்மறையாகிவிடுகிறது. பெருக்கத்தை லாங் வகைக்கு மாற்றினால் போதும். ஒரு போர்டில் ஓடி இன்னொன்றில் ஓடாத நிரலுக்கு இது நல்ல பாடம்: தாவல் நடக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 128, 256 போன்ற எண்களில் எல்இடி தற்செயலாகப் பழுதாவதில்லை.

நான்கு கால் எல்இடியும் 12 வோல்ட் சாதாரணப் பட்டையும்

இவற்றில் தரவு என்று எதுவும் இல்லை, மூன்று நிறத்துக்கும் மூன்று பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் முறை) முனைகள்தான்.

பூஜ்ஜியம் கொடுத்தால் முழு ஒளி, 255 கொடுத்தால் இருள் என்றால் அது பொது ஆனோடு எல்இடி (மூன்று நிறத்துக்கும் நேர்முனை பொது). நீளமான கால் 5 வோல்ட்டுக்குப் போக வேண்டும், அளவை 255இலிருந்து கழித்து அனுப்ப வேண்டும்.

தனித்தனியாக மூன்று நிறமும் எரிகின்றன, சிவப்போடு எதைச் சேர்த்தாலும் சிவப்பு மட்டுமே தெரிகிறது. பொதுக் காலில் ஒரே ஒரு மின்தடையை வைத்திருக்கிறீர்கள். பொதுக் கேத்தோடு (எதிர்முனை பொது) எல்இடியில் சிவப்பு 2 வோல்ட்டில் எரியத் தொடங்கியதும் பொதுக்கால் 3 வோல்ட்டில் நின்றுவிடும். பச்சைக்கு மிஞ்சுவது 2 வோல்ட் மட்டும், அதற்கு அது போதாது. நிறத்துக்கு ஒன்றாக மூன்று மின்தடைகள் வேண்டும். 5 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியருக்குச் சிவப்புக்கு 150 ஓம், மற்ற இரண்டுக்கும் 100 ஓம் வரும். எல்லாவற்றுக்கும் 220 வைத்தாலும் ஒளி போதும், போர்டுக்கும் சுமை குறையும்.

மங்கலிலிருந்து மெல்ல ஏற வேண்டிய நிறம், பாதிவரை இருளாக இருந்து சட்டென்று முழுதாக எரிகிறதா? அந்த முனையில் பிடபிள்யூஎம் இல்லை. ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகியவற்றில் மட்டுமே உண்டு. மற்றவற்றில் 128க்குக் கீழே அணைந்திருக்கும், மேலே எரியும். சர்வோ மோட்டாருக்கான லைப்ரரியைச் சேர்த்த உடனே 9, 10 இரண்டும் இந்தத் திறனை இழக்கும். ஒலி எழுப்பும் டோன் கட்டளை 3ஐயும் 11ஐயும் கெடுக்கும். எந்த நிறம் கெட்டது என்று பார்த்து, பிடபிள்யூஎம்மை இயக்கும் எந்த டைமர் பறிபோனது என்று சொல்லிவிடலாம்.

12 வோல்ட் பட்டையில் மாஸ்ஃபெட் கொதிக்கிறது, ஒளி மங்கல் என்றால் அதன் பெயரைப் படியுங்கள். ஐஆர்எஃப்540 போன்றவை முழுதாகத் திறக்க, கேட் எனும் கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் போர்டுக்கு ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் வகை தேவை. போர்டு தொடங்கும் கணத்தில் மட்டும் பட்டை பளிச்சிட்டால் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் வையுங்கள்.

மங்கல் ஒளியில் படிப்படியாகத் துள்ளுகிறது

அளவு 128 என்றால் கண்ணுக்குப் பாதி ஒளியாகத் தெரியாது, முக்கால்வாசிக்கு மேலாகத் தெரியும். மேல் பாதியில் மாற்றமே தெரியாமல், கீழே ஒன்று இரண்டு மூன்று என்று படிகள் அப்பட்டமாகத் தெரியும். அளவைக் கண்ணின் உணர்வுக்கேற்ப மாற்றித் தரும், 2.2 முதல் 2.8 வரையிலான காமா திருத்த அட்டவணை மேல் பகுதியைச் சரிசெய்யும். ஆனால் எட்டு பிட்டில் கீழ்ப்படிகள் பல ஒன்றாகிவிடுவதால், மிக மங்கிய ஒளியில் துள்ளல் போகாது. மெல்லிய துணியோ பால்நிறப் பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, அளவைக் கூட்டி ஓட்டுவது நிரலில் மல்லுக்கட்டுவதைவிட நல்ல பலன் தரும். நியோபிக்சல் லைப்ரரியில் செட்பிரைட்னஸ் கட்டளையை ஒளி கூட்டிக் குறைக்க ஓயாமல் அழைக்காதீர்கள். நினைவகத்தில் இருக்கும் நிறங்களையே அது சுருக்கி விரிப்பதால் ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் தேயும்.

பட்டை சரி, மற்றவை கெட்டுவிட்டன

விளக்குகள் அருமையாக ஓடுகின்றன. ஆனால் ரிமோட் வேலை செய்யவில்லை, சர்வோ நடுங்குகிறது, சீரியலில் எழுத்துகள் தொலைகின்றன, கடிகாரம் பின்தங்குகிறது. ஊனோவில் தரவு போகும்போது குறுக்கீடுகள் (இன்டரப்ட், செயலியை அவசர வேலைக்கு அழைக்கும் சைகைகள்) எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். ஒரு எல்இடிக்கு 30 மைக்ரோநொடி வீதம் 300க்கு 9 மில்லிநொடி போர்டு செவிடாக இருக்கும். 115200 வேகத்தில் சீரியல் எழுத்து 87 மைக்ரோநொடிக்கு ஒன்று வரும், வன்பொருளோ இரண்டு மூன்றைத்தான் பிடித்து வைத்திருக்கும். போர்டு நேரம் எண்ணும் மில்லிஸ் கடிகாரமும் அந்த நேரத்தில் ஒரே ஒரு துடிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தொலைக்கும். சில லைப்ரரிகள் இதைப் பின்னர் ஈடுகட்டுகின்றன.

மாறாத படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் இருப்பது முதல் நிவாரணம். ரிமோட் சைகை வந்துகொண்டிருக்கும்போது ஷோவைத் தள்ளிப்போடுவது இரண்டாவது. இரண்டும் போதாவிட்டால் ஊனோவை விட்டுவிடுங்கள். ஈஎஸ்பி32ன் ஆர்எம்டி, பிகோவின் பிஐஓ என்ற தனி வன்பொருள் பகுதிகள் தரவு அனுப்பும் வேலையைச் செயலியிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

பொத்தான் மட்டும் தாமதமாகக் கேட்கிறது என்றால் அது வேறு கதை. நிரலில் டிலே கட்டளைகளைத் தேடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்தியும் சில எல்இடிகள் மங்கலாக எரிகின்றன

பட்டையின் மின்வழங்கல் அணைந்திருக்க, போர்டு தரவை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தரவு முனை வழியாகவே முதல் சில எல்இடிகள் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன. இது முதல் எல்இடியைக் கொல்லும் வழிகளில் ஒன்று. பட்டைக்கு முதலில் மின்சாரம், பிறகு போர்டுக்கு. அணைக்கும்போது தலைகீழாக. போர்டை மட்டும் ரீசெட் செய்தபின் பழைய நிறங்கள் அப்படியே நிற்பது இயல்பு. கடைசியாக வந்த நிறத்தை எல்இடிகள் பிடித்து வைத்திருக்கும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்து ஒரு ஷோ கொடுங்கள்.

கேமராவில் மட்டும் படபடக்கிறது

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் பட்டையில் பழுது எதுவும் இல்லை. பழைய டபிள்யூஎஸ்2812 சில்லுகள் நொடிக்கு 400 முறை அளவில்தான் ஒளியை வெட்டி வெட்டித் தருகின்றன. புதியவை 2,000 அளவில். ஊனோவின் பிடபிள்யூஎம் 490, முனைகள் 5, 6 இல் 980. கேமராவின் ஷட்டர் வேகம் இதோடு மோதும்போது கோடுகள் ஓடும். ஷட்டரை மெதுவாக்குங்கள், ஒளியளவைக் கூட்டுங்கள். படப்பிடிப்புக்கென்றே செய்யும் அமைப்பாக இருந்தால், நிற அளவை நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை வெட்டும் ஏபிஏ102 வகைப் பட்டையை வாங்குங்கள். அதன் பொது ஒளி அளவை 31 என்ற உச்சத்திலேயே வைக்க வேண்டும். அதைக் குறைத்தால் 600க்கும் கீழான இன்னொரு வெட்டு உள்ளே நுழைந்து, கோடுகள் மறுபடி வந்துவிடும்.